ரேடியேட்டருக்குத் தயிர்த்தண்ணி

மச்சினன் பட்டறை வாசலை உயிருள்ளவரை மிதிப்பதில்லை என்று தாபால்டி முடிவு கட்டியிருந்தார். முடிவு நல்ல முடிவுதான். அவருடைய கார்தான் அதற்குக் கட்டுப்படவில்லை.

கார் ஜெர்மனியில் பிறந்தது. அங்கே எந்தத் துரையைச் சுமந்ததோ தெரியாது. எங்கள் மலையூர் கோச்கோருக்கு வந்த பிறகு தாபால்டியை முன்சீட்டிலும், அவர் சந்தைக்குக் கொண்டுபோகும் ஆடுகளைப் பின்சீட்டிலும் சுமந்தது. சமதரையில் சமர்த்து. ஏற்றம் என்றால் மட்டும் ஆகாது. தோலோன் கணவாயில் பாதி ஏறியதும் முன்பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு வரும். பிறகு ஆவி வரும். பிறகு தாபால்டியின் வாயிலிருந்து இங்கே எழுத முடியாதது வரும்.

தனியாகப் போகும்போது கொதித்தால் யாருக்கு நஷ்டம்? கோடையில் சம்பந்தி இமானாலியை ஏற்றிக்கொண்டு போனபோது கொதித்துத் தொலைத்தது. இமானாலி நரின் நகரில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பேசினால் கமா, முற்றுப்புள்ளியெல்லாம் காதில் கேட்கும். தலையில் பூவேலை செய்த வெள்ளைக் கம்பளித் தொப்பி. ஆண்பிள்ளையின் தொப்பியை எங்கள் பக்கத்தில் தரையில் வைக்கமாட்டார்கள், தாண்டமாட்டார்கள், விளையாட்டுக்குக்கூடத் தூக்கிப் போடமாட்டார்கள். அன்றைக்குக் காரில் வாளி இல்லை, பாட்டில் இல்லை, ஓடையோ பள்ளத்தில் இருந்தது. கடைசியில் அந்தத் தொப்பியில்தான் தண்ணீர் மொண்டு வர வேண்டியதாயிற்று. மொண்டு வந்தவரும் சம்பந்திதான். தாபால்டி இறங்க முடியாது. கைபிரேக் பிடிக்காது, அவர் காலை எடுத்தால் கார் பின்னாலேயே கோச்கோருக்குத் திரும்பிவிடும். ஆகவே அவர் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்க, சம்பந்தி பள்ளத்துக்கும் ரோட்டுக்குமாக, வழுக்கைத் தலை வெயிலில் மின்ன, ஏறி இறங்கினார். இமானாலி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு சொல்லித் தீர்த்திருக்கலாம். அதிலிருந்து சந்தையில் யாராவது வெள்ளைத் தொப்பியோடு எதிரே வந்தால் தாபால்டி குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொள்வார்.

இப்போது மகள் ஜிபாருக்கு ஆண் குழந்தை. தொட்டில் தாய்வீட்டிலிருந்துதான் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தொடங்கி அவள் புகுந்த வீட்டில் மூன்று நாள் விருந்து. அதே கணவாய், அதே கார், வழியின் மறுமுனையில் அதே சம்பந்தி. இந்தத் தடவையும் ஆவி பறக்க வந்து நின்றால் பேரன் பெரியவனாகி மீசை வைத்த பிறகும் அந்த வீட்டில் தலை நிமிர முடியாது.

அவர் மனைவி ஷைர்குல் சுலபமாக ஒரு வழி சொன்னாள். ஒமுர்பெக்கிடம் காட்டினால் ஒரு மணி நேர வேலை.

ஒமுர்பெக் அவளுடைய தம்பி. தெருக்கோடியில் கார்ப் பட்டறை வைத்திருக்கிறான். நல்ல கைக்காரன். ஆனால் வாய் நேரம் காலம் பார்க்காது. வசந்த காலத்தில் ஆட்டுச் சந்தையில் தாபால்டி ஒரு கிடாவுக்கு ஆள் பிடித்திருந்தார். எங்கள் சந்தையில் விலை வாயால் படியாது. வாங்குபவன் கையை விற்பவன் பிடித்துக்கொள்வான், குலுக்கிக்கொண்டே விலை சொல்வான், படியும்வரை விடமாட்டான். தாபால்டி பிடித்த கையிலிருந்து அதுவரை எவனும் வாங்காமல் போனதில்லை. அன்றைக்கும் பிடித்துவிட்டார், குலுக்கிவிட்டார், படிய ஒரு மூச்சு பாக்கி. அந்த வழியாக வந்த ஒமுர்பெக் நின்று, கிடாவைப் பார்த்து, "அத்தான், இருமல் இன்னும் நிக்கலையா இதுக்கு?" என்று அக்கறையாக விசாரித்தான். பிடித்த கை நழுவிப் போயிற்று. சந்தையே சிரித்தது. கிடாவும் சரியாக அந்த நேரம் பார்த்து இருமியது.

"அவன் பட்டறைக்கு என் கார் போச்சுன்னா, நான் தாபால்டியே இல்ல," என்றார் அவர்.

"சரி, வேற பேர் வச்சுக்கலாம். காரைக் காட்டிட்டு வாங்க."

அவர் எகிறினார். தான் பத்து வயதில் பனியில் ஆடு மேய்த்ததையும், எழுதப் படிக்கத் தெரிவதற்கு முன்பே ஏமாற்றுக்காரர்களைப் படித்ததையும், யார் தயவும் இல்லாமல் இந்த வீட்டைக் கட்டியதையும் வரிசையாகச் சொன்னார். ஒரு ரேடியேட்டரைக் கழுவத் தெரியாதா? அதுவும் ஒரு வயிறுதான். அழுக்கை எடுத்தால் சரியாகிவிடும். போதாததற்கு, ஒமுர்பெக் விருந்துக்கு வரவே கூடாது என்றும் சேர்த்துச் சொன்னார். ஜிபாரைத் தோளில் தூக்கி வளர்த்த தாய்மாமன், அவன் இல்லாமல் தொட்டில் எப்படிப் போகும் என்று ஷைர்குல் கேட்டாள். சக்கரத்தில் போகும் என்றார். அவள் சரி என்றுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவருக்கு அந்தச் 'சரி'யிலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

சனிக்கிழமை காலை முற்றத்தில் காரை நிறுத்தி மூடியைத் தூக்கி வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அதுவும் அவரைப் பார்த்தது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுத் தோக்தோசுன் தலையை நீட்டினார். ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர். ரேடியேட்டருக்குள் துரு பிடித்திருக்கிறது, அதற்கு மருந்து கடையில் இல்லை, வீட்டில் இருக்கிறது என்றார். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் வடிகிற தண்ணீர். அதன் புளிப்புக்குத் துரு கழன்று ஓடிவிடும். அந்தக் காலத்தில் லாரிக்காரர்கள் எல்லாரும் செய்ததுதான்.

"ஊத்தி இஞ்சினை ஓட விடு. ஆனா..."

அதற்குள் தாபால்டி திரும்பி நடந்துவிட்டார். சந்தையில் கற்ற பாடம் அது. 'ஆனா' என்று எவன் ஆரம்பித்தாலும் அடுத்து விலையைக் குறைக்கத்தான் வருவான். அதற்கு மேல் கேட்பவன் வியாபாரி இல்லை.

வீட்டு முன்தாழ்வாரத்தில் ஷைர்குல் அன்று காலைதான் தயிர் மூட்டைகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுபோக உப்புத் தயிர் உருண்டை பிடிக்க வேண்டும். மூட்டைகளுக்குக் கீழே வாளி. முதலில் வடிவது மோர் மாதிரி வெள்ளையாக, கட்டியும் திப்பியுமாக வரும். மத்தியானத்துக்கு மேல்தான் மஞ்சளாகத் தெளியும். மத்தியானம்வரை காத்திருக்க தாபால்டி என்ன சம்பளக்காரனா?

முதலில் பழைய தண்ணீரை இறக்கினார். காருக்கடியில் மல்லாந்து படுத்து, ரேடியேட்டரின் அடித் திருகைக் கழற்றினார். திருகு கழன்று நெற்றியில் விழுந்தது. தண்ணீர் சட்டைக் கைக்குள் புகுந்து அக்குள் வழியாக முதுகுக்குப் போயிற்று. நல்ல கஷாய நிறம். ஷைர்குல் தாழ்வாரத்திலிருந்து, கீழே ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டாள். அவர் திருகை மாட்டிவிட்டு எழுந்து, நேரே போய் வாளியைத் தூக்கினார்.

அவள் தடுக்கவில்லை. வெள்ளையாக ஒரு துணியை எடுத்து நீட்டினாள்.

"துணி வேணுமா?"

"எதுக்கு?"

"சும்மாதான் கேட்டேன்."

"வேலை செய்யற ஆம்பளைகிட்ட நடுவுல வந்து துணி கிணின்னுட்டு நிக்காதே. உள்ள போ."

அவள் துணியை நாலாக மடித்துக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே போனில் யாரோடோ மெதுவாகப் பேசும் சத்தம் கேட்டது. தாபால்டி வாளியைக் கடைசிச் சொட்டுவரை ரேடியேட்டரில் சரித்தார். மூடியைத் திருகினார். இஞ்சினைக் கிளப்பிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆயிரம் ஆடு வைத்திருப்பவன் மாதிரி நின்றார்.

கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாக இருந்தது. அவருக்கே தன்மேல் மரியாதை வந்தது. பிறகு சூடு காட்டும் முள் ஏறியது. மேல் குழாய் ஆட்டுக்குடல் மாதிரி உப்பியது. உள்ளே பால் பொங்குவதற்கு முன்னால் வருமே, ஒரு முணுமுணுப்பு, அது வந்தது. அதைப் பெண்பிள்ளைகளுக்குத் தெரியும். தாபால்டிக்குத் தெரியாது. என்னவென்று குனிந்து பார்க்கப் போனவர், நல்ல வேளையாக, தும்மல் வந்து ஒதுங்கினார்.

மூடி பிய்த்துக்கொண்டு போயிற்று. முற்றத்தில் பனி பெய்தது. சூடான, புளித்த, கட்டி கட்டியான பனி. வேலி வெள்ளை. கோழிகள் வெள்ளை. கொடியில் காய்ந்த அவருடைய விருந்துச் சட்டையில் துருவும் தயிருமாக ஒரு புது வேலைப்பாடு. அவர் எகிறிக் குதித்துப்போய் இஞ்சினை அணைத்தார். நாய் மட்டும் இந்த வீட்டில் இப்படி ஒரு நல்ல நாள் வந்ததில்லை என்று சுற்றிச் சுற்றி நக்கியது. தோக்தோசுன் வேலிக்கு மேல் அசையாமல் நின்றார். புருவத்திலிருந்து ஒரு கட்டியை எடுத்துக் கீழே போட்டார்.

"ஆனா, நல்லாத் துணியில வடிகட்டி ஊத்தணும்னு சொல்ல வந்தேன்," என்றார்.

தாபால்டிக்குக் காது மடல் சுட்டது. ஆறின பிறகு வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். மேலே ஊற்றியது மேலேயே நின்றது. அடித் திருகைக் கழற்றினால் ஒரு சொட்டு இல்லை. குச்சியை விட்டுக் குத்தினார். குச்சி முனையில் பாலாடைக்கட்டி வந்தது. வாசனை நன்றாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் அவமானமாக இருந்தது. நாளைக் காலையில் கிளம்ப வேண்டும். தெருவில் போகிற பெண்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஷைர்குல் வீட்டில் இன்றைக்கே விருந்தா என்று பேசிக்கொண்டு போனார்கள். அவர் குதிரைக் கம்பளியை எடுத்துக் காரை மூடினார். முடிந்தால் அதே கம்பளிக்குள் தானும் நுழைந்திருப்பார்.

ஷைர்குல் வந்தாள். கோழிகளைப் பார்த்தாள். சட்டையைப் பார்த்தாள். கம்பளிக்குக் கீழே என்ன என்று கேட்டாள். காருக்குச் சளி பிடிக்காமலிருக்க என்று வாயில் வந்ததைச் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

"இந்தா, நில்லு." தாபால்டி தொண்டையைச் செருமிக்கொண்டார். "உன் தம்பி சும்மாத்தானே இருப்பான். வேணும்னா... வந்து ஒரு பார்வை பார்த்துட்டுப் போகட்டும். நீயா கூப்பிட்ட மாதிரி கூப்பிடு."

"அவன் வரமாட்டான். வாசலை மிதிக்காதேன்னு சொன்னது யாரு?"

"நான் அவன் வாசலை மிதிக்கமாட்டேன்னுதானே சொன்னேன்."

"அப்ப நீங்கதான் போய் மிதிக்கணும்."

அவள் கையை நீட்டினாள். சந்தையில் நீட்டுவது மாதிரியே நீட்டினாள். தாபால்டி பழக்கதோஷத்தில் பிடித்துவிட்டார். பிடித்த பிறகுதான், குலுக்குவது தான் இல்லை என்று அவருக்கு உறைத்தது.

அவர் நேரில் போய்க் கூப்பிட வேண்டும் என்றாள். முடியாது என்றார். கையை உதறிவிட்டு இரண்டடி நடந்தாள். எந்த வியாபாரியும் செய்கிற காரியம்தான். அவரே ஆயிரம் தடவை செய்திருக்கிறார். இருந்தும் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். சரி, போகிறேன் என்றார். நாளைக்குக் காரை ஒமுர்பெக்தான் ஓட்டுவான் என்றாள். அவர் சம்பந்தியின் முகத்தை நினைத்தார், கணவாயை நினைத்தார், தலையாட்டினார். தொட்டிலோடு தான் முன்சீட்டில் என்றாள். அப்படியானால் வீட்டுத் தலைவன் எங்கே உட்காருவது என்று கேட்டார். பின்னால் இடம் இருக்கிறது, சம்பந்திக்குக் கொடுக்கப்போகிற கிடா கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளும் என்றாள்.

தாபால்டிக்குக் கோபம் தலைக்கேறியது. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு எழுந்தால் நாளைக்குச் சந்தையில் எப்படி நிற்பது? கையை விடாமல் ஒரே பிடியாகப் பிடித்தார். ஒமுர்பெக் ஓட்டட்டும், தொட்டிலை இறக்கட்டும், ஒரு வாய் சாப்பிடட்டும். ஆனால் சாயங்காலமே வேன் ஏறி ஊருக்குத் திரும்பிவிட வேண்டும். மூன்று நாள் விருந்தில் தன் கண்ணெதிரே உட்காரக் கூடாது. இதற்குச் சம்மதமென்றால் சரி, இல்லையென்றால் தொட்டில் கழுதையில் போகட்டும்.

ஷைர்குல் முகம் வாடினாள். வாதாடினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடைசியில், "உங்க இஷ்டம். சாயங்காலமே போயிடுவான்," என்று பெருமூச்சோடு கையைக் குலுக்கினாள். தாபால்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெருக்கோடிக்கு நடந்தார். நெஞ்சு பாதித் தெருவரைதான் நிமிர்ந்திருந்தது. பட்டறை வாசல் வந்ததும் இருமினார். அந்தக் கிடா இருமியது மாதிரியே இருந்தது.

ஒமுர்பெக் எழுந்து நின்று, கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க அத்தான்," என்றான். முக்காலியில் தேநீர் ஆவி பறந்தது. இரண்டு கிண்ணம். பக்கத்தில் ஒரு ரேடியேட்டர் கழுவித் துடைத்துத் தயாராகச் சாத்தியிருந்தது. அதன் அருகில், குளிரில் உறையாத நீலத் தண்ணீர், ஒரு முழு டப்பா.

தாபால்டி அதையெல்லாம் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"அக்கா காலையிலேயே போன் பண்ணினா," என்று ஒமுர்பெக் சங்கடமாகச் சொன்னான். "வடிகட்டாம ஊத்தினா இஞ்சின் கெட்டுடுமான்னு கேட்டா. இஞ்சினுக்கு ஒண்ணும் ஆகாது, ரேடியேட்டர்தான் அடைச்சுக்கும்னேன். அது பழசுதானே, ஊத்தட்டும்னுட்டா."

கோபம் வந்தது. ஆனால் கோபப்படவும் நிற்பதற்கு ஒரு சொந்த இடம் வேண்டும். நின்றது அவன் வாசல். தாபால்டி உட்கார்ந்து தேநீரைக் குடித்தார்.

அன்று பொழுது சாய்வதற்குள் ஒமுர்பெக் பழைய ரேடியேட்டரை இறக்கிவிட்டுப் கழுவிவைத்ததை மாட்டினான். இஞ்சினுக்குள் குழாய்த் தண்ணீரை விட்டு, கட்டியெல்லாம் போய்த் தெளிவாக வரும்வரை கழுவினான். காரின் மூக்கு மேலே இருக்கும்படி மேட்டில் ஏற்றி நிறுத்தி, உள்ளே ஹீட்டரை முழுக்கத் திறந்துவைத்து, நீலத் தண்ணீரை அவசரமில்லாமல் ஊற்றினான். குழாயை அமுக்கி அமுக்கி விட்டான். காற்று குமிழ் குமிழாக வெளியேறியது, தண்ணீர் இறங்கியது, இன்னும் ஊற்றினான். டார்ச் பிடித்தது தாபால்டி. சரியாகப் பிடிக்கச் சொல்லி அவன் அவரை ஒரு தடவைகூட அதட்டவில்லை. அதட்டியிருக்கலாம்.

மறுநாள் கார் தோலோன் கணவாயில் ஏறியது. முள் நடுவிலேயே நின்றது. முன்னால் தொட்டிலை மடியில் சாய்த்துக்கொண்டு ஷைர்குல், ஓட்டுவது ஒமுர்பெக், பின்னால் கிடா. கிடாவுக்குப் பக்கத்தில் தாபால்டி. ஏற்றத்தில் அது அவர் தோளில் முகவாயை வைத்துக்கொண்டது. சந்தை ஆட்கள் யாரும் எதிரில் வரக்கூடாது என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டார். மூன்று பேர் வந்தார்கள். மூவரும் கையாட்டினார்கள்.

இமானாலியின் முற்றம் நிறைய ஜனம். சம்பந்தி தொட்டிலைப் பார்ப்பதற்கு முன்னால் காரின் முன்பக்கத்தைப் பார்த்தார். குனிந்து மோந்துகூடப் பார்த்தார். கொதிக்கவில்லையே, சம்பந்தி, என்ன செய்தீர்கள் என்று எல்லாருக்கும் கேட்கும்படி விசாரித்தார். தாபால்டி கோட்டில் ஒட்டிய ஆட்டு ரோமத்தைத் தட்டிக்கொண்டிருக்க, ஷைர்குல் முன்னால் வந்தாள்.

"எல்லாம் இவரே பிரிச்சு, கழுவி, மாட்டினதுதாங்க. ராவும் பகலுமா வேலை. கை அசந்து போச்சேன்னுதான் தம்பி ஓட்டினான்."

கூட்டம் தலையாட்டியது. யாரோ முதுகில் தட்டினார்கள். இமானாலி இரண்டு கைகளாலும் தாபால்டியின் கையைப் பிடித்துக்கொண்டார். தாபால்டி நிமிர்ந்தார். மறுக்க வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது. அந்த ஒரு கணத்தை வேண்டுமென்றே கடந்து போகவிட்டார். கோடையிலிருந்து குனிந்திருந்த கழுத்து, கொஞ்சம் நிமிரட்டுமே.

சாயங்காலம் சாப்பாடு முடிந்ததும் இமானாலி மறுபடி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். தன்னுடைய காரும் இப்போது கொதிக்க ஆரம்பித்துவிட்டது என்றார். ஊரில் யார் கையிலும் கொடுக்க மனம் வரவில்லை என்றார். காலையில் விருந்தாளிகள் எல்லாரும் இருப்பார்கள், சம்பந்தி ஒரு தடவை செய்துகாட்டினால் பிள்ளைகளும் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள் என்று, ஓய்வு பெற்ற பிறகும் விடாத அந்தத் தலைமையாசிரியர் குரலில் சொன்னார். ஷைர்குல், அதற்கென்ன, செய்வார் என்றாள்.

தாபால்டி சம்பந்தியின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். ஒமுர்பெக் பேச்சு மாறாதவன். சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, வேன் நிற்கிற பக்கம் கிளம்பியிருந்தான். தாபால்டி இந்த வயதில் ஓடினார். வாசலுக்கு வெளியே அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். அவன், சாயங்காலமே போய்விட வேண்டும் என்றுதானே பேச்சு, அத்தான், என்றான். பின்னாலேயே ஷைர்குலும் வந்து நின்றாள்.

"கை குடுத்துட்டோமேங்க. பேச்சுன்னா பேச்சுதானே," என்றாள்.

இருக்கட்டும் என்றார் தாபால்டி. ஒரு நாள் இருக்கட்டும் என்றார். அவள் பேசாமல் நின்றாள். மூன்று நாளும் இருக்கட்டும் என்றார். அப்போதும் பேசவில்லை. சபையில் தன் பக்கத்திலேயே, தனக்கு மேலிடத்திலேயே உட்காரட்டும், பெரிய விருந்தாளிக்கு வைக்கிற கிடாவின் தலைக்கறி அவனுக்கே போகட்டும், காலையில் காருக்குப் பக்கத்தில் மட்டும் நிற்கட்டும் என்றார்.

ஷைர்குல் போய்க் காரின் பின்கதவைத் திறந்து, கிடா உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கீழேயிருந்து ஒரு பையை இழுத்துத் தம்பியிடம் கொடுத்தாள்.

"மூணு நாளைக்கும் மாத்துத்துணி எடுத்து வச்சிருக்கேன்டா. பட்டறைச் சட்டையும் அடியில இருக்கு."